பாவு போடுகிற இடம்

விடிகாலை ஐந்தரைக்குச் சங்கு ஊதுகிறவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, சங்கை எடுக்காமல் வாசற்படியில் நின்றார்.

"எங்க எடுத்துக்கினு போறோம்பா?"

பஞ்சாட்சரம் மனைவியின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அறுந்த பட்டிழையைப் பார்க்காமலே முடிந்துவிடும் விரல்கள். துணி நாடாவில் முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது.

"உங்களத்தான் கேக்கறேன். எந்தச் சுடுகாடு? மோளக்காரனுக்கு வழி சொல்லணும்ல?"

மூன்றாவது தடவை முடிச்சு நின்றது.

தில்லையம்மாள் தெற்கே தலை வைத்துக் கிடந்தாள். கல்யாணத்துக்குக் கட்டிய அரக்குப் பட்டை மேலே போர்த்தியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் குட்டைக் கரையில் வெட்டிவேர் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், "இரு மரியம், செத்த உக்காந்துக்கறேன்" என்று பக்கத்து வீட்டு மரியம்மாளிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எழவில்லை. ஆஸ்பத்திரியில் நாடியைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நகத்தில் இன்னும் சேறு இருந்தது. குளிப்பாட்டியபோது மரியம்மாள் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

இந்தப் புது இடத்தில் இதுதான் முதல் சாவு.

பழைய இடம் ஓரிக்கைக்குக் கீழே, பாலாற்றங்கரையில். பட்டு நெய்கிறவர்கள் ஒரு தெரு. வயலுக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் ஒரு தெரு. நடுவில் ஓர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. வெள்ளம் வந்த வருஷம் தறிக்குழிகள் நிரம்பின, சுவர்கள் கரைந்தன, ஓடை எது தெரு எது என்று தெரியாமல் போயிற்று. இரண்டு தெருவையும் சேர்த்து ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பந்தி போடுகிற கூடத்தில் தில்லையம்மாளுக்கும் ஓடைக்கு அந்தப் பக்கத்து மரியம்மாளுக்கும் அடுத்தடுத்த பாய். முதல் வாரம் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார்கள். மாசம் முடிவதற்குள் இரண்டு பேருக்கும் ஒரே சீப்பு.

அப்புறம் ஐயம்பேட்டை போகிற சாலையில் அரசு நிலம் கொடுத்தது. வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்வது என்று பேசினார்கள். பள்ளமான பக்கத்தில் குட்டை வெட்டினார்கள். வெட்டிய மண்ணையே கொஞ்சம் சிமென்ட் சேர்த்து அச்சில் அமுக்கிக் கல்லாக்கினார்கள். சூளை வேண்டாம், லாரி வேண்டாம். வீடுகளை இடுப்பு உயரத்துக்கு மேடை எழுப்பிக் கட்டினார்கள். மழைத் தண்ணீர் வீடுகளுக்கு நடுவே ஓடிக் குட்டையில் விழுவதற்கு வழி விட்டார்கள். அந்த வழியில் யாரும் மதில் வைக்கக் கூடாது. மனைக்குச் சீட்டுக் குலுக்குவதாக இருந்தது. நமச்சிவாயம் நெசவாளிகளுக்குத் தனி வரிசை கேட்டார். தெருவில் அவர்தான் மூத்தவர்.

"நானும் மரியமும் பக்கத்து பக்கத்து வூடு. மத்தவங்க எப்டினா குலுக்கிக்கங்க" என்றாள் தில்லையம்மாள்.

அதற்கு மேல் தனி வரிசை என்ற பேச்சு எழவில்லை.

வரைபடம் போட்ட சங்கீதா என்ற பெண் காகிதத்தை நம்பவில்லை. நிலத்திலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு எல்லோரையும் உள்ளே நடக்கச் சொன்னாள். இது வீடு. இது தறிக்கூடம். இது பால்வாடி, இது ஆடு கட்ட. இந்த நீள இடம் பாவு போட. பட்டு இழைகளைத் தறியில் ஏற்றுவதற்கு முன் இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக் காய வைக்க வேண்டும். அதற்கு ஒரே நேராக, நிழலோடு, நீளமாக இடம் வேண்டும். நெசவாளிகள் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய இடம் அது.

"வேற எதுனா வுட்டுப்போச்சா?" என்று கேட்டாள் சங்கீதா.

விட்டுப்போனது எது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்த இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பஞ்சாட்சரம் வாயைத் திறந்தார். தொடையில் கிள்ளு விழுந்தது.

"குடி போறதுக்கு முன்னாடியே பாடைக்கு மூங்கி வெட்டறியா? கம்முனு இரு" என்றாள் தில்லையம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நிம்மதியான சிரிப்பு. சுண்ணாம்புக் கோடுகளுக்கு உள்ளே இடுகாடு என்று ஒன்று இல்லாமலே ஊர் எழுந்து நின்றது.

மரியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சங்கு ஊதுகிறவர் கேட்டதைக் கேட்டதும் தில்லையம்மாளின் கன்னத்தைத் தொட்டுத் திருப்பினாள்.

"இப்ப சொல்லுக்கா. எங்க போப்போறேன்னு நீயே சொல்லு. அன்னிக்கு எங்க வாயத் தொறக்க வுட்டியா?"

அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவளுக்கும் தொற்றியது. கொஞ்ச நேரம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத சத்தம் அந்த அறையில் இருந்தது.

மகன் ஆனந்தகுமார் போனோடு உள்ளே வந்தான். ஒரகடத்தில் கம்பெனி வேலை. இரவு ஷிப்டிலிருந்து சீருடையோடு வந்தவன் இன்னும் மாற்றவில்லை.

"பா, டவுன்ல கேஸ் சுடுகாட்ல ஸ்லாட் கேட்டுட்டேன். மத்தியானம் குடுக்கறாங்க. வேனும் சொல்லியாச்சு."

"நம்ம வூட்ல எரிக்கற வழக்கம் இல்லியேடா."

"தெரியும்பா. பொதைக்கறதுக்கு எடம் எங்க இருக்குது?"

பையன் கேட்டதில் தப்பில்லை. ஆற்றங்கரையில் இருந்த இடுகாட்டில்தான் பஞ்சாட்சரத்தின் அப்பா, அம்மா. ஓடைக்கு அந்தப் பக்கத்தாருக்கு அதற்குக் கீழே தனியாக ஒன்று. வெள்ளம் கரையை அறுத்தபோது இரண்டும் போயின. இப்போது அங்கே ஆறு ஓடுகிறது.

ஏழு மணிவாக்கில் பக்கத்து ஊரிலிருந்து பஞ்சாயத்துத் தலைவர் பரமசிவம் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டு, கும்பிட்டு, செருப்பை மாட்டிக்கொள்ளாமலே பஞ்சாட்சரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷர். குட்டை வெட்டியபோது ஜேசிபி அனுப்பியவர்.

"நைட்டே கேள்விப்பட்டேன். எடத்துக்கு இன்னா பண்றீங்க?"

பஞ்சாட்சரம் கையை விரித்தார்.

"எங்க ஊரு சுடுகாட்டுக்குக் கொண்டாந்துருங்க. நான் சொல்லி வெச்சிட்டேன். நெசவாளிங்க நீங்க, உங்களுக்கு இல்லாத எடமா?"

நமச்சிவாயம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "தலைவரே, பெரிய மனசுபா உங்களுக்கு."

மரியம்மாள் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். "தண்ணி கொண்டாரேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியே போனாள். குடம் உள்ளேயே இருந்தது.

பஞ்சாட்சரம் அவள் போவதைப் பார்த்தார். வாசலில் அவள் புருஷன் ராமராஜன் பாடைக்கு மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தான். கொத்தனார். இந்தக் காலனியில் அவன் கை படாத சுவர் இல்லை. மூங்கிலைப் பிளப்பதைச் சட்டென்று நிறுத்தியிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எல்லாருக்குமா?" என்றார் பஞ்சாட்சரம்.

"எல்லாருக்கும்னா?" பரமசிவத்துக்குப் புரியவில்லை.

"இங்க இருக்கறவங்க எல்லாருக்கும்."

பரமசிவம் வாசலைப் பார்த்தார். பிடித்திருந்த கையை விட்டார். "அவங்களுக்கு எங்கனா ஒரு எடம் பாக்கலாம்பா. அத அப்பால பேசிக்கலாம். இப்ப ஆவ வேண்டிய காரியத்தப் பாரு."

நமச்சிவாயம் பஞ்சாட்சரத்தை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"கெடைக்கறதக் கெடுத்துக்காத. நாளைக்கு எனக்கும் அந்த எடம்தான். மொதல்ல போறவ எந்த வழியா போறாளோ அதான்டா அப்பறம் எல்லாருக்கும் வழி."

அவர் நல்லதாகத்தான் சொன்னார். பஞ்சாட்சரத்துக்கு அது வேறு மாதிரி கேட்டது. பாடையை ராமராஜனும் தூக்குவான். பக்கத்து ஊர் எல்லை வரை வருவான். அங்கே தோள் மாற்றிக்கொண்டு நின்றுவிடுவான். அவனை யாரும் நிற்கச் சொல்ல மாட்டார்கள். அவனே நின்றுவிடுவான். திரும்பி வந்து மரியம்மாளிடம் என்ன சொல்வான்?

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினார்.

கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்திருந்தார். வெளியே வந்த பிறகுதான் கேட்க வேண்டியவள் உள்ளே கிடக்கிறாள் என்பது உறைத்தது. முப்பத்தைந்து வருஷமாக எந்தப் புடவைக்கு எந்தக் கரை என்றுகூட அவர் முடிவு செய்ததில்லை. முதலாளி நிறத்தைச் சொல்லி அனுப்பினாலும், "இந்தப் பச்ச அதுக்கு ஒத்து வராது, போய் மாத்தினு வா" என்பாள். மாற்றிக்கொண்டுதான் வருவார். அவள் சொன்ன பச்சைதான் விற்கும்.

கால் அவரைப் பாவு போடுகிற இடத்துக்குக் கொண்டுபோயிற்று. இரண்டு பக்கமும் புங்கங்கன்றுகள் ஆள் உயரம் வந்திருந்தன. பனியில் தரை ஈரமாக இருந்தது. கிழக்குக் கடைசியில் முளைக்குச்சிகள் அடித்திருந்தார்கள், அடுத்த நாள் நமச்சிவாயத்தின் பாவுக்கு. இந்தக் காலனியில் மழைக்குத் தண்ணீர் தேங்காத மேடு இதுதான். முளைக்குச்சி ஒன்றை ஆட்டிப் பிடுங்கினார். ஒரு பதினைந்து அடி இந்தப் பக்கம் தள்ளி நட்டுப் பார்த்தார். இருக்கிற நீளத்தைக் கண்ணால் அளந்தார்.

திரும்பி வந்தபோது எல்லோரும் அப்படியே இருந்தார்கள்.

"இங்கயே வெச்சிக்கலாம்" என்றார். "பாவு போடற எடத்துல. கெழக்குக் கடைசி."

சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றார். தொடையில் எதுவும் விழவில்லை.

முதலில் பேசியவர் நமச்சிவாயம். "பைத்தியமா உனக்கு? கல்யாணத்துக்குப் போற பட்டு அது. பொணம் கெடக்கற எடத்துல பாவு போட்டா எவன் வாங்குவான்? தாலி கட்றப்ப கட்ற பொடவடா."

"அவ மேல கெடக்கறதும் தாலி கட்றப்ப கட்டனதுதாண்ணே."

நமச்சிவாயம் உள்ளே பார்த்தார். அரக்கில் மாம்பழக் கரை. நெய்தவர் பஞ்சாட்சரத்தின் அப்பா. நமச்சிவாயம் அப்போது பக்கத்துத் தறி.

"எடம் பத்தாது" என்றார், குரல் இறங்கி. "மூணு பொடவ பாவு எப்டி இழுப்ப?"

"ரெண்டு பொடவைக்கு வரும். ரெண்டு ரெண்டா நெய்யலாம்."

"கூலி கொறையும். ஒவ்வொரு பாவுக்கும் திரும்பத் திரும்ப இழை இழையாப் பொணைக்கணும்."

"ஆமா."

"ஆமான்றான் பாரு."

ஆனந்தகுமார் போனைக் கையில் வைத்தபடி இருந்தான். "பா, பர்மிஷன் இல்லாம பண்ணா கேஸ் ஆவும்பா."

பரமசிவம் செருப்பைப் போட்டுக்கொண்டார். "மனு ஒண்ணு எழுதிக் குடுங்க. பஞ்சாயத்துல தீர்மானம் வெச்சிக்கலாம். வி.ஏ.ஓ.கிட்ட நான் பேசறேன். உங்க எடம், உங்க ஜனம், யாரு கேக்கப்போறா?" கொஞ்சம் வேகமாகவே சொன்னார். முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. போகும்போது ராமராஜனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ராமராஜன் மூங்கிலைப் பிளந்து முடித்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தான்.

"அத வை."

மரியம்மாள் எப்போது திரும்பி வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. கையில் குடம் இல்லை. கண் சிவந்திருந்தது.

"இன்னாடி? நேரமாவுது."

"வைன்றேன். உங்கப்பன் வெட்டனான், எங்கப்பன் வெட்டனான். அவங்க வூட்டுச் சாவுக்கெல்லாம் நாமதான் குழி வெட்டனோம். இங்க வெட்டக் கூடாது. எங்கக்காவுக்கே ஆனாலும்."

ராமராஜன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான். எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

ஆனந்தகுமார் முன்னால் வந்து கை வைத்தான்.

"எடுடா கைய" என்றார் நமச்சிவாயம். "காரியம் பண்ற புள்ள குழி வெட்டக் கூடாது. அப்பனும் கூடாது. ஒரு எழவும் தெரியல உங்களுக்கு."

வேட்டியை மடித்துக் கட்டினார். கடப்பாரையைத் தூக்கிப் பார்த்தார். கனம். அதை விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். இளைய நெசவாளிகள் இரண்டு பேர் கடப்பாரையோடு பின்னால் போனார்கள்.

பஞ்சாட்சரம் கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தார். நமச்சிவாயம் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. ஓரங்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. மூலை மூலையாகச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

ராமராஜன் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். அவனால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, தறிக்குழி மாதிரி வெட்டிக்கினு இருக்கீங்க."

"எனக்குத் தெரிஞ்ச குழி அதான்டா."

"இடுப்பாழம் போதாதுண்ணே. தலையாழம் போவணும். இந்த வேகத்துல போனா பதினாறாம் நாள்தான் எடுப்போம்."

"வாய்க்கு மட்டும் கொறச்சலில்ல. நின்னு வேடிக்க பாரு."

ராமராஜன் திரும்பிப் பார்த்தான். புங்கங்கன்று நிழலில் மரியம்மாள் நின்றிருந்தாள்.

"மரியம், நானும் எறங்கறேன். கூலிக்கில்ல. அவரோட சேந்து."

அவன் சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டாள். குழிக்குள் குதித்ததும் முதல் வேலையாக நமச்சிவாயத்தின் கையிலிருந்த மண்வெட்டியைத் திருப்பிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். அவர் திட்டிக்கொண்டே பிடித்தார். இரண்டு பேரும் மாறி மாறி வெட்டினார்கள். பிறகு காலனி ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கி ஏறினார்கள். குட்டை வெட்டியபோதும் இப்படித்தான். அப்போது தில்லையம்மாள் கரையில் மோர்ப்பானையோடு உட்கார்ந்து யார் ஏமாற்றுகிறார்கள் என்று கத்திச் சொல்வாள்.

தலையாழம் போயும் குழியில் தண்ணீர் ஊறவில்லை.

பகல் பதினொரு மணிக்கு எடுத்தார்கள். மேடை உயரத்திலிருந்து பாடையை இறக்குவது லேசாக இல்லை. படி குறுகல். கேஸ் சிலிண்டர் ஏற, பீரோ ஏற, தறிக்கட்டை ஏற அளவு பார்த்துக் கட்டிய படி. பாடைக்கு அளவு பார்க்கவில்லை. கீழே இருந்தவர்கள் கையைத் தூக்கி வாங்கிக்கொண்டார்கள். "பாத்து, பாத்து, சாயுது" என்று மரியம்மாள் கத்தினாள். குழந்தையை இறக்குவது போல இறக்கினார்கள்.

சங்கு ஊதுகிறவர் தூரத்தைப் பார்த்தார். "இதானா? நாலு ஊது ஊதறதுக்குள்ள வந்துரும்போல இருக்குதே. மோளக்காரன் பாதி காசு திருப்பித் தரணும்."

"சுத்தினு போங்க" என்றாள் மரியம்மாள். "எல்லா வூட்டு வாசலயும் காட்டிட்டு எடுத்துனு போங்க. கல்லு அமுக்கிப் போட்டவ ஒருவாட்டி பாத்துட்டுப் போட்டும்."

சுற்றிக்கொண்டு போனார்கள். வீடுகளுக்கு நடுவே, தண்ணீர் ஓடுகிற வழிகளைத் தாண்டித் தாண்டி. மதில் இல்லாததால் எங்கேயும் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். மரியம்மாள் வீட்டு வாசலில் பாடை கொஞ்சம் அதிக நேரம் நின்றது. ராமராஜன் முன்பக்கத் தோளில் இருந்தான். மறுபக்கம் நமச்சிவாயத்தின் மகன். எங்கேயும் தோள் மாற்றவில்லை.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. தெருமுனையில் நின்றுவிட வேண்டும். இங்கே தெரு எங்கே முடிகிறது, இடுகாடு எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பாடையோடு பேசிக்கொண்டே நடந்தவர்கள் குழி வரைக்கும் வந்துவிட்டார்கள். வந்தது நமச்சிவாயத்துக்குத் தெரிந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவருடைய மனைவியும் அவர்களோடு நின்றிருந்தாள். வாயை மூடிக்கொண்டார்.

ஆனந்தகுமார் மூன்று பிடி மண் போட்டான். கம்பெனிச் சீருடையை எப்போதோ மாற்றியிருந்தான். பஞ்சாட்சரம் குனிந்து மண்ணை எடுத்தார். வெளிர்ச் சிவப்பு, நடுவில் வெள்ளைச் சுக்கான்கல் துண்டுகள். அவருடைய வீட்டுச் சுவரில் இருப்பதும் இதே மண்தான். போடாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். சுடவில்லை, குளிரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. போட்டார்.

மண்ணை மூடி மேட்டைத் தட்டிச் சரிசெய்த பிறகு எல்லோரும் குட்டைக்குக் குளிக்கப் போனார்கள். கரையில் வெட்டிவேர் நாற்று பாதி வரிசை நட்டிருந்தது. மீதி நாற்று ஈரச்சாக்கில் கிடந்தது. மரியம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு மீதியை நட உட்கார்ந்தாள். இன்றைக்கு வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

பஞ்சாட்சரம் மூன்று முழுக்குப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் வடிந்தது. ஆனந்தகுமார் துண்டைக் கொண்டுவந்து அவர் தலையைத் துவட்டினான். சின்னப் பையனாக இருந்தபோது அவனுக்கு அவள் துவட்டுகிற மாதிரி, காதுக்குள் விரல் விட்டுத் துவட்டினான். பஞ்சாட்சரம் தலையைக் கொடுத்துக்கொண்டு இருந்தார்.

கீழ்ப்படியில் நமச்சிவாயமும் ராமராஜனும் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார்கள். நமச்சிவாயத்தின் உள்ளங்கையில் கொப்புளம். ராமராஜன் அதை இழுத்துப் பார்த்து, உடைக்காதீங்க, தானே வத்தும் என்றான். அவர் கையை இழுத்துக்கொண்டார். அங்கிருந்தே பாவு போடுகிற இடத்தின் கிழக்குக் கடைசி தெரிந்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நமச்சிவாயம் தொண்டையைச் செருமினார்.

"ஏம்பா ராமராஜா, நம்ம ரெண்டு பேர்ல அடுத்தது யாருபா?"